ஐம்பத்தொரு நோய்கள்

பெரியம்மையைத் தீர்க்கும் கஞ்சி மாவை ஜஸீலா அதுவரை கேள்விப்பட்டதில்லை.

துண்டறிக்கையை இரண்டு முறை படித்தாள். ஒரே பக்கம். மேலே 'கமருன்னிஸா கஞ்சி மாவு' பொட்டலத்தின் படம். அதன் கீழ் 'நாற்பது நாளில் முற்றிலும் குணம்' என்று பெரிய எழுத்து. பிறகு பொடி எழுத்தில் நோய்களின் பட்டியல், பக்கம் முடியும் வரை.

"பிளேக்கும் இருக்கு சார்," என்றாள். "எலியோட வந்தா தள்ளுபடின்னு போட்டிருக்கலாம்."

ரெமிஜியஸ் சிரிக்கவில்லை. முப்பது வருஷம் மருந்து ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தஞ்சாவூரில் ஒரு மாடி அறையில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். போலி மருந்து, கலப்படம், பொய் லேபிள். வேறு வழக்குகளை எடுப்பதில்லை. ஜஸீலா இரண்டு வருஷமாக அவருடைய உதவியாளர். கார் ஓட்டுவாள், படம் எடுப்பாள். அவர் பேச வேண்டிய இடங்களிலும் அவளே பேசிவிடுவாள்.

இருவரும் திருத்துறைப்பூண்டியில் கமருன்னிஸாவின் மாவு மில்லில் உட்கார்ந்திருந்தார்கள். மணி பதினொன்று. அறை முழுக்க வறுத்த அரிசி வாசனை. அடுத்த அறையில் பன்னிரண்டு பெண்கள் கருப்புக் கவுனி அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் அடிக்கலை சார்," என்றாள் கமருன்னிஸா. நாற்பது வயது. எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசினாள். "எனக்குப் பாதி நோயோட பேரே தெரியாது."

அவள் முன்னால், துண்டறிக்கையின் நகலோடு வந்த ஒரு நோட்டீஸ் கிடந்தது. அன்று மாலை நான்கு மணிக்குத் திருவாரூர் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரணை. உணவு என்று பதிவு பெற்ற ஒரு பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்தால் அது உணவு அல்ல, உரிமம் இல்லாத மருந்து. அதிலும் சில நோய்களின் பெயரை எந்த மருந்து விளம்பரத்திலும் போடக்கூடாது என்று 1954-ஆம் வருஷமே ஒரு சட்டம் வந்துவிட்டது. அந்தத் துண்டறிக்கை அவளுடையது என்று முடிவானால் மில்லின் பதிவு ரத்தாகும். மில் மூடப்படும். அவள் மேல் வழக்கும் வரும்.

ரெமிஜியஸ் நோட்டீஸின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார்.

"லின்சி," என்றார். "நல்லா எழுதியிருக்கா. ஒரு வார்த்தை அதிகம் இல்லை."

ஜஸீலா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜஸீலா இப்போது உட்காரும் நாற்காலியில் முன்பு உட்கார்ந்தவள் லின்சி. தேர்வு எழுதி உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆகிவிட்டாள். அவள் போன பிறகும் அவளைப் பற்றிய பேச்சு அலுவலகத்தை விட்டுப் போகவில்லை.

திரும்பிய சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் தொங்கியது. உணவுத் தயாரிப்பாளர்களுக்கான மூன்று நாள் பயிற்சி, கீழ்வேளூர். பெயர் கமருன்னிஸா. மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி.

"சார், உங்க கையெழுத்து."

ரெமிஜியஸ் எழுந்து போய்ப் பார்த்தார். ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய வகுப்பு அது. பாடம் எடுத்தவர் அவர்.

"அப்படியா," என்றாள் கமருன்னிஸா. "நீங்கதானா அது." பிறகு டீ வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

"மூணு நாள் பாடம் எடுத்திருக்கீங்க," என்று ஜஸீலா தாழ்ந்த குரலில் சொன்னாள். "முகம்கூட ஞாபகம் இல்லை. அவ்வளவு நல்ல வகுப்பு."

அவர் கமருன்னிஸா பக்கம் திரும்பினார். மாவு தயாரிக்கும் விதத்தைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டார். எந்த நெல், எத்தனை நாள் காயவைப்பது, எந்தப் பொட்டலத்துக்கு எந்தத் தேதி. ஒவ்வொரு கேள்விக்கும் கமருன்னிஸா தலையைத் திருப்பி, "லாத்தா?" என்றாள். மூலையில் வறுக்கும் அண்டாவுக்கு முன்னால் நின்ற பெண் திரும்பாமலே பதில் சொன்னாள். மாப்பிள்ளைச் சம்பா பாதி, கவுனி கால், மீதி பயறு. மூன்று வெயில். தேதி அரைத்த நாளிலிருந்து, பொட்டலம் போட்ட நாளிலிருந்து அல்ல. குரலில் தடுமாற்றம் இல்லை. முகம் தெரியவில்லை. தலையை மூடிய சாம்பல் நிற முக்காடும் நேரான முதுகும்தான் தெரிந்தன.

"இவங்க லத்தீஃபா லாத்தா," என்றாள் கமருன்னிஸா. "எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன் சம்சாரம், எனக்கு அக்கா முறை. கூடமாட ஒத்தாசையா இருக்காங்க."

அண்டாவில் கரண்டி ஒரு கணம் நின்றது. மறுபடி ஓடியது.

யார் மேலாவது சந்தேகமா என்று ரெமிஜியஸ் கேட்டார். அதற்குக் கமருன்னிஸாவே பதில் சொன்னாள். கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் கிளாட்சன். ஒரு காலத்தில் பார்த்தால் வணக்கம் சொல்லுவார். போன மாதம் அவள் படம் பேப்பரில் வந்தது. அதிலிருந்து சாலையின் அந்தப் பக்கமாகப் போகிறார்.

*

காரில் ஏறியதும் ஜஸீலா காலையில் சேகரித்ததைச் சொன்னாள். பேருந்து நிலையம், மீன் மார்க்கெட், நான்கு டீக்கடை, மூன்று மருந்துக்கடை. துண்டறிக்கையை யாரும் பார்த்திருக்கவில்லை. ஒரு பிரதி உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தபாலில் போயிருந்தது. ஒன்று மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு. இன்னொன்று கிளாட்சனிடம் இருப்பதாகக் கேள்வி.

"விளம்பரம்னா வாங்குறவங்க கையில இருக்கணும்," என்றாள். "இது பிடிக்க வர்றவங்க கையில மட்டும் இருக்கு. லின்சி அக்கா நோட்டீஸ்ல இதைக் காணோமே சார்."

"அவளுக்கு வேலை அதிகம்."

"எனக்கு மட்டும் என்ன, ஊஞ்சலா கட்டி விட்டிருக்கீங்க?"

கிளாட்சனுக்கு ஐம்பது வயது இருக்கும். கடை சுத்தமாக இருந்தது. கண்ணாடி அலமாரியில் சத்துமாவு டப்பாக்கள் வரிசையாக நின்றன. அவற்றின் மேல் மட்டும் தூசி. எதற்காக வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சுற்றி வளைக்கவில்லை.

"பொறாமைதான்," என்றார். "டாக்டர் சீட்டோட வர்றவன்கூட, இந்த டின் வேண்டாம், அந்த அம்மா மாவு போதும்கிறான். வயிறு எரியுது. அதுக்கு மாத்திரையும் நம்ம கடையிலயே இருக்கு, போட்டுக்கறேன். ஆனா இந்த நோட்டீசை நான் அடிக்கலை."

போன செவ்வாய்க்கிழமை காலையில் கதவுக்கு அடியில் கிடந்ததாம். அதைப் படித்ததும் சந்தோஷப்பட்டதை ஒப்புக்கொண்டார். புகார் எழுதப் பேனாவையும் எடுத்தாராம். இரண்டாவது முறை படித்தபோது பேனாவை வைத்துவிட்டாராம்.

"ஏன்?"

"இது விக்கத் தெரிஞ்சவன் எழுதினது இல்லைங்க. குடல்வால்ல ஆரம்பிச்சு எவனாவது கஞ்சி விப்பானா? இந்த ஊர்ல விக்கணும்னா முதல் வரியில சுகர் வரணும். இதுல ஒன்பதாவதா வருது."

ரெமிஜியஸ் துண்டறிக்கையை வாங்கி முதல் பத்துப் பெயர்களை விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு கிளாட்சனிடம் 1954 சட்டம் இருக்கிறதா என்று கேட்டார். கல்லாவுக்கு அடியிலிருந்து ஆங்கிலப் புத்தகம் வந்தது. கடைசிப் பக்கத்தில் அட்டவணை. விளம்பரத்தில் பெயர் சொல்லக்கூடாத நோய்கள், ஆங்கில அகரவரிசையில்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். குடல்வால் அழற்சி. ரத்தக்குழாய் தடிப்பு. குருடு. ஒவ்வொன்றும் அதே வரிசையில் வந்தது. பிளேக்கும் பெரியம்மையும் அதனால்தான் இருந்தன. சட்டம் எழுதிய காலத்தில் அவை நாட்டில் இருந்தன.

"இது விற்பதற்காக எழுதியது அல்ல," என்றார் ரெமிஜியஸ். "மாட்டிக்கொள்வதற்காக எழுதியது. கமருன்னிஸா மாட்ட வேண்டும் என்று சட்டத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்."

"அந்தச் சட்டம் உங்க கல்லாவுக்கு அடியில இருக்கு அண்ணே," என்றாள் ஜஸீலா.

கிளாட்சன் முகம் வெளுத்தது. மருந்துக்கடைக்காரனிடம் சட்டம் இருக்காதா என்றார்.

ஜஸீலா பேனாவை எடுத்து எண்ணத் தொடங்கினாள். எண்ணுவது அவள் பழக்கம். படிக்கட்டு, மின்கம்பம், ரெமிஜியஸ் ஒரு நாளில் லின்சி என்று சொல்லும் தடவைகள். துண்டறிக்கையில் ஐம்பத்தொன்று வந்தது. புத்தகத்தில் ஐம்பத்து நான்கு என்று அச்சிட்டே இருந்தது.

"மூணு குறையுது."

மறுபடி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். விடுபட்டவற்றைக் கண்டுபிடித்ததும் வாய்விட்டே படித்தாள். பெண்களின் மார்பு வடிவம். ஆண்மைக் குறைவு. பால்வினை நோய்கள். மாத்திரை வாங்க நின்றிருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டில் கண்ணை வைத்துக்கொண்டார்.

கிளாட்சனுக்கு உயிர் வந்தது.

"பாத்தீங்களா. ஜனங்க எங்கிட்ட வந்து குரலைத் தாழ்த்திக் கேக்குறது இந்த மூணைத்தான். நான் எழுதியிருந்தா இதுலதான் ஆரம்பிச்சிருப்பேன். என் புத்தகத்தைப் பாத்து எழுதினா இது எப்படி விட்டுப் போகும்?"

அது சரி என்று ஜஸீலாவுக்கும் பட்டது. "அப்ப இது சட்டப் புத்தகத்தைப் பாத்து எழுதினது இல்லை. வேற ஏதோ தாளைப் பாத்து எழுதினது. அந்தத் தாளைத் தயார் பண்ணவரு ரொம்பக் கூச்ச சுபாவம் போல இருக்கு சார்."

ரெமிஜியஸ் புத்தகத்தை மூடினார். அவர் காதுகள் சிவந்திருந்தன. கண்ணாடிக் கூட்டைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டு வெளியே நடந்தார்.

*

கார் கிளம்பி இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் பேசினார்.

"அந்தத் தாளை அடித்தது நான்."

ஜஸீலா வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

கீழ்வேளூர் வகுப்பு கிறிஸ்தவக் கோயிலின் பங்கு மண்டபத்தில் நடந்தது. நாற்பது பெண்கள். எந்த நோயின் பெயரை விளம்பரத்தில் எழுதக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அட்டவணையை அவரே தமிழில் தட்டச்சு செய்து நாற்பது பிரதி எடுத்துப் போனார். வகுப்பில் உரக்க வாசிக்க வேண்டிவரும் என்று முந்தின நாள்தான் உறைத்தது. மூன்றை எடுத்துவிட்டார். எடுத்ததைப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண்களுக்குச் சட்டத்தில் ஐம்பத்தொன்றுதான்.

"புத்தகத்துல விரைவீக்கமும் இருந்துச்சே. அதை மட்டும் எப்படி விட்டு வச்சீங்க?"

"அண்டவாதம்னு போட்டேன். யாரும் அர்த்தம் கேட்கலை."

ஜஸீலா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அடுத்த கேள்வியைக் கேட்டாள். இந்த ஊரிலிருந்து அந்த வகுப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள்?

"ஒருவர். மற்றவர்கள் எல்லாம் நாகப்பட்டினம் பக்கம். கமருன்னிஸா. கடைசி நாள் தேர்வில் ஐம்பதுக்கு ஐம்பது வாங்கியது அவர் மட்டும்தான். லின்சிகூடப் பின்னால் உட்கார்ந்து எழுதினாள். நாற்பத்தாறு."

"நாற்பத்தாறா?"

"நாற்பத்தாறு."

"இதை ஏன் சார் ரெண்டு வருஷமா எங்கிட்ட சொல்லலை?"

கொஞ்ச நேரம் அவள் நாற்பத்தாறிலேயே இருந்தாள். பிறகு முகம் மாறியது. வகுப்புக்கு வந்த ஒரே ஆள் கமருன்னிஸா என்றால், தன் மேல் வழக்கு வருவதற்கான துண்டறிக்கையைத் தானே அடித்தாள் என்று ஆகிறது. தானே அடித்துவிட்டுத் தானே துப்பறிய ஆள் கூப்பிட்டாள் என்றும்.

"அவங்களுக்கு உங்க முகம் தெரியலை சார்."

"மூன்று வருஷம் ஆகிறது."

"மூணு நாள் வகுப்புல உக்காந்து ஐம்பதுக்கு ஐம்பது வாங்கினவங்க. சட்டம் போட்டு மாட்டின கையெழுத்துக்காரர் வாசல்ல வந்து நிக்கிறாரு. அப்படியான்னு கேட்டுட்டு டீ சொல்றாங்க. அவங்க அந்த வகுப்புக்கே வரலை."

ரெமிஜியஸ் அவளைப் பார்த்தார்.

"காலையில உங்க கேள்விக்கெல்லாம் யாரு பதில் சொன்னது?" என்றாள். "யாரு கடைசி வரைக்கும் உங்க பக்கம் திரும்பலை? கூடமாட ஒத்தாசைன்னு சொன்னப்ப கரண்டி நின்னுச்சு. நீங்க பாக்கலை."

"நீ பார்த்தாயா?"

"உங்க மேசையில லின்சின்னு பேர் போட்ட பேனா ஸ்டாண்டு இன்னும் இருக்கு. தினம் நான்தான் தூசி தட்டுறேன். எங்கிட்டயும் ஒரு கரண்டி இருக்கு சார்."

அவர் சாலையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். தண்ணீரில் நாற்றின் நுனி மட்டும் தெரிந்தது. ஆதாரம் இல்லை என்றார். வகுப்பில் கொடுத்த தாளை லத்தீஃபா இந்நேரம் அடுப்பில் போட்டிருப்பாள்.

"தாள் எதுக்கு?" என்றாள் ஜஸீலா. "ஐம்பதுக்கு ஐம்பது வாங்கினவங்களால ஒரு கேள்வியைப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுமா?"

*

மில்லுக்குத் திரும்பியபோது மணி இரண்டு. புடைக்கும் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கமருன்னிஸா புறப்படத் தயாராக ஃபைலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். லத்தீஃபா அண்டாவுக்கு முன்னால், காலையில் நின்ற அதே இடத்தில்.

விசாரணையில் சில கேள்விகள் வரும், பழகிக்கொள்ளலாம் என்றார் ரெமிஜியஸ். கமருன்னிஸா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"விளம்பரத்தில் பெயர் சொல்லக்கூடாத நோய்கள், மொத்தம் எத்தனை?"

அவள் சான்றிதழைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். "நூறு இருக்குமா சார்?"

"வகுப்பில் சொன்னதுதான்."

"மறந்துட்டேங்க."

"ஐம்பதுக்கு ஐம்பது வாங்கினவங்க நீங்க. அன்றைக்கு முதல் மதிப்பெண். என் சர்வீசில் அப்படி ஒரு விடைத்தாளை நான் பார்த்ததில்லை."

கரண்டி அண்டாவில் ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று. நின்றது.

"ஐம்பத்தொண்ணு," என்றது முதுகு.

ரெமிஜியஸ் அண்டாவின் பக்கம் திரும்பினார்.

"சட்டத்தில் ஐம்பத்து நான்கு," என்றார் ரெமிஜியஸ். "மூன்றை நான் எடுத்துவிட்டேன். வெட்கப்பட்டு எடுத்தேன். ஐம்பத்தொன்று என்பது கீழ்வேளூரில் நான் கொடுத்த தாளில் மட்டும்தான் உண்டு. இந்தத் துண்டறிக்கையிலும் ஐம்பத்தொன்று."

லத்தீஃபா அடுப்பை அணைத்தாள். கரண்டியைத் துடைத்து வைத்தாள். பிறகு திரும்பினாள். கமருன்னிஸாவை விட ஏழெட்டு வயது மூத்தவள். கண்ணில் பயம் இல்லை.

"நீங்க தப்பாச் சொல்லிக் குடுத்தீங்களா?" என்றாள். அவளுக்கு அதுதான் முதலில் பட்டது.

"ஆமா."

"நான் அதை மனப்பாடம் பண்ணேன்."

கமருன்னிஸா எழுந்து நின்றாள். என்ன லாத்தா இது என்றாள். மறுபடி அதையே கேட்டாள். லத்தீஃபா அவளைப் பார்க்காமல் ரெமிஜியஸிடமே பேசினாள், வகுப்பில் பதில் சொல்வது போல, ஒவ்வொன்றாக.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கமருன்னிஸாவின் மகனுக்குத் தொண்டையில் ஆபரேஷன். அவளால் கீழ்வேளூர் போக முடியவில்லை. மில் அவள் பெயரில். பயிற்சிக்கும் அவள் பெயர்தான் கொடுத்திருந்தது. மூணு நாள்தானே, நீங்க போய் உக்காந்துட்டு வாங்க லாத்தா என்றாள். லத்தீஃபா போனாள். தினம் இரண்டு பஸ் மாறினாள். கமருன்னிஸா என்று கூப்பிட்டபோது கை தூக்கினாள். கடைசி நாள் கமருன்னிஸா ஐம்பதுக்கு ஐம்பது என்று வாசித்தார்கள். நாற்பது பேர் கை தட்டினார்கள். அவள் எழுந்து போய் வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் கொடுத்துவிட்டாள். மறுநாள் அது சட்டத்துக்குள் போய்ச் சுவரில் ஏறியது.

"அது பரவாயில்லை," என்றாள். "பேப்பர்ல வந்துச்சே, அதுதான். சான்றிதழ் பெற்ற தொழில்முனைவோர்னு போட்டு இவ படம். அண்டாகிட்ட நின்னு எடுத்தது. நான்தான் வறுத்துக்கிட்டிருந்தேன். படத்துல என் கை இருக்கு. முழங்கை வரைக்கும்."

துண்டறிக்கையைப் போனில் எழுதினாள். முத்துப்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் மூன்று பிரதி எடுத்தாள். இந்தப் பட்டியலில் ஒரு பெயரைப் போட்டாலே வழக்கு என்று வகுப்பில் சொன்னது நினைவிருந்தது. அவள் எல்லாவற்றையும் போட்டாள்.

"மில்லு மூடினா உங்க வேலையும்தானே லாத்தா போகும்?" என்றாள் ஜஸீலா. "அந்தப் பன்னிரண்டு பேருக்கும் போகும்."

"யோசிச்சேன். அப்பக்கூட மூடுறது இவ பேர்லதான் மூடும்னு தோணுச்சு. நான் நடத்தினேன்னும் யாரும் சொல்லமாட்டாங்க, நான் கெடுத்தேன்னும் சொல்லமாட்டாங்க."

கமருன்னிஸாவின் முகம் சுருங்கியது. "நான் போயிருந்தா நானும் ஐம்பது வாங்கியிருப்பேன்," என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். கோப்பின் ஓரத்தை மடித்தாள், நீவினாள். பிறகு ரெமிஜியஸிடம் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்குள் நடந்தது வீட்டுக்குள் இருக்கட்டும். யாரோ வேண்டாதவர்கள் செய்துவிட்டார்கள், யார் என்று தெரியவில்லை என்று அங்கே சொல்லிவிடலாம்.

"லாத்தா பேரு வெளிய வர வேண்டாம் சார்."

லத்தீஃபா முதல் முறையாகச் சிரித்தாள்.

"பாத்தீங்களா," என்றாள். "இதுலயும் என் பேரு வேண்டாமாம்."

ரெமிஜியஸ் கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ என்று சொன்னால் நோட்டீஸ் அப்படியே நிற்கும். எழுதியது லத்தீஃபாதான் என்று காட்டினால்தான் கமருன்னிஸா தப்பிப்பாள். அதைக் காட்ட வேண்டுமானால் வகுப்பில் உட்கார்ந்தது யார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் சுவரில் இருப்பது பொய்ச் சான்றிதழ். அதில் கையெழுத்துப் போட்டவர் அவர். முகத்தைச் சரிபார்க்காமல் போட்டவர். அட்டவணையை வெட்டியவரும் அவர்தான். இதையெல்லாம் லின்சி முன்னால் சொல்ல வேண்டும்.

அவர் சுவரிலிருந்து சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றினார்.

"கிளம்பலாம்," என்றார்.

கேட்காமலே லத்தீஃபா வந்து காரின் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

*

திருவாரூர் அலுவலகத்தில் ரெமிஜியஸ் உள்ளே நுழைந்ததும் லின்சி எழுந்து நின்றாள். அதிகாரி எழுந்து நிற்பதைப் பார்த்து அறையில் இருந்த எழுத்தரும் எழுந்தார். ஜஸீலா அதைக் கவனித்துக்கொண்டாள். லின்சி உயரம். கண்ணாடி போட்டிருந்தாள். மேசையில் ஒரு தாள்கூடக் கோணலாக இல்லை.

ரெமிஜியஸ் எதையும் விடாமல் சொன்னார். மூன்று நோய்களைச் சொல்லும்போது மட்டும் ஜன்னலைப் பார்த்தார். எண்ணிப் பார்த்தது ஜஸீலா என்றார். லின்சி கோப்பிலிருந்து தன்னிடம் இருந்த பிரதியை எடுத்தாள். பேனா முனையால் எண்ணினாள். ஐம்பத்தொன்று.

"நான் இதை நாலு தடவை படிச்சேன்," என்றாள் ஜஸீலாவிடம். "எண்ணலை."

ஜஸீலா பரவாயில்லை அக்கா என்று மட்டும் சொன்னாள். நாற்பத்தாறைப் பற்றிப் பேசவில்லை. அது அவள் கையிருப்பில் இருந்தது.

லின்சி முடிவைச் சொன்னாள். எழுதியவர் வாக்குமூலம் கொடுத்தால் கமருன்னிஸா மேல் உள்ள நோட்டீஸ் கைவிடப்படும். துண்டறிக்கை மருந்துத் துறைக்குப் போகும். எழுதியவர் மேல் வழக்கு வரலாம். சான்றிதழ் செல்லாது. பதினைந்து நாளுக்குள் உண்மையாகப் பயிற்சி பெற்ற ஒருவரின் பெயரை மில் எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் பதிவு நிற்காது.

"பதினைந்து நாள்ல எங்க வகுப்பு நடக்குது?" என்றாள் கமருன்னிஸா.

"எங்கேயும் இல்லை."

ரெமிஜியஸ் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். லின்சி இன்னொரு தாளை எழுத்தர் முன் வைத்தாள். லத்தீஃபா நாற்காலியின் விளிம்பில் உட்காராமல் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பேரு?"

"லத்தீஃபா."

"கணவர் பேரு?"

"கட்டாயமா?"

எழுத்தர் லின்சியைப் பார்த்தார். லின்சி இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்ப வேண்டாம்."

அவள் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார். கீழ்வேளூர், மூன்று நாள், ஐம்பதுக்கு ஐம்பது. முத்துப்பேட்டை, மூன்று பிரதி. எழுதியதை வாங்கி இரண்டு முறை படித்தாள். ஓர் இடத்தில் தேதியைத் திருத்தச் சொன்னாள். கையெழுத்துப் போட்டாள்.

அதற்குள் ரெமிஜியஸ் தன் தாளை லின்சியிடம் கொடுத்திருந்தார். நான்கு வரிதான். அந்த வகுப்பில் மூன்று நாளும் இருந்து முழு மதிப்பெண் பெற்றவர் லத்தீஃபா. பெயர் மாறியது என் கவனக்குறைவு. பயிற்சி பெற்றவர் என்று அவரையே கொள்ளலாம். கையெழுத்து. லின்சி படித்துவிட்டு அதைக் கமருன்னிஸா பக்கம் நகர்த்தினாள். இந்தப் பெயரை மில்லுக்கு எழுதித் தரச் சம்மதமா என்று கேட்டாள்.

கமருன்னிஸா அந்த நான்கு வரியை வெகுநேரம் படித்தாள். எதிரில் இருந்தவள் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். அது இப்போது மையில் இருந்தது. பேனாவை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கையெழுத்தைக் குழந்தை போல அழுத்திப் போட்டாள்.

மேசை மேல் இரண்டு தாள் கிடந்தன. ஒன்றில் லத்தீஃபா குற்றவாளி. இன்னொன்றில் அந்த மில்லில் பயிற்சி பெற்ற ஒரே ஆள்.

எழுத்தர் இரண்டையும் கோப்பில் கோக்கப் போனார். லத்தீஃபா கையை நீட்டித் தடுத்தாள்.

"எனக்கு ஒரு ஜெராக்ஸ் காப்பி கிடைக்குமாங்க?"

"எதுல வேணும்?" என்றாள் லின்சி.

"ரெண்டுலயும்."